பெரிய ஆர்.சி. ஹெலிகாப்டரில் சர்வோவுக்குக் கரண்ட் எங்கிருந்து?

ஆர்.சி. ஹெலிகாப்டரின் மோட்டார் நடுவானில் நின்றுபோனால் அது பொத்தென்று விழுந்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். விழ வேண்டியதில்லை. பழகிய கை அதைப் பத்திரமாகவே இறக்கிவிடும். கலெக்டிவ் பிட்சை, அதாவது எல்லா பிளேடுகளின் கோணத்தையும் ஒன்றாகக் குறைத்து, லேசாக எதிர்க்கோணத்துக்குக் கொண்டுவந்தால், ஹெலிகாப்டர் இறங்க இறங்க அடியிலிருந்து வரும் காற்றே ரோட்டாரைச் சுற்றிவிடும். தரைக்குச் சற்று மேலே பிட்சை ஏற்றும்போது, சுழலும் பிளேடுகளில் சேர்ந்திருக்கும் ஆற்றல் தூக்குவிசையாகச் செலவாகி, கால்கள் மெல்லத் தரையில் படும். ஆட்டோரொட்டேஷன் என்பது இதுதான்.

இந்த இறக்கத்துக்கு மோட்டார் தேவையில்லை. ஆனால் கட்டளையை வாங்கும் ரிசீவரும் நிலையைத் திருத்தும் ஜைரோவும் பிளேடுகளின் கோணத்தை மாற்றும் சர்வோக்களும் கடைசி நொடிவரை சொன்னபடி கேட்க வேண்டும். அவற்றுக்குப் போகும் மின்சாரம் அரை வினாடி அறுந்தால்கூட மோட்டார் எவ்வளவு நன்றாக ஓடியும் பயனில்லை. அப்போது முழு வேகத்தில் சுழலும் ரோட்டாரோடு ஓர் இயந்திரம் யார் பிடியிலும் இல்லாமல் போகும். பெரிய மின்சார ஹெலிகாப்டர் வாங்குகிறவர்கள் மோட்டாருக்கும் முதன்மை பேட்டரிக்கும் மாதக்கணக்கில் கடை கடையாக விலை கேட்கிறார்கள். சர்வோவுக்குக் கரண்ட் எங்கிருந்து, எந்த வயரில் போகிறது என்பதைப் பெட்டியோடு வந்தபடியே விட்டுவிடுகிறார்கள். முதலில் யோசிக்க வேண்டியதே அதைத்தான் என்பது என் உறுதியான கருத்து.

பெரியது என்று இங்கே சொல்வது 700 வகையை. பிளேடு ஒவ்வொன்றும் 70 சென்டிமீட்டர் அளவில் இருக்கும், ரோட்டார் வட்டத்தின் குறுக்களவு ஏறக்குறைய 1.58 மீட்டர், எடை 5 கிலோவை ஒட்டி. 12 செல் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியில் பறக்கும். நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றும்போது பிளேடின் நுனி மணிக்கு 600 கிலோமீட்டர் வேகத்தை நெருங்குகிறது. 2013 செப்டம்பரில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதிப் பூங்கா ஒன்றில் 19 வயது இளைஞர் ஒருவர் தன்னுடைய ஹெலிகாப்டரின் பிளேடு தாக்கி உயிரிழந்தார். அதற்கு மின்சாரக் கோளாறு காரணம் என்று நான் சொல்லவரவில்லை. கையில் இருப்பது எப்படிப்பட்ட பொருள் என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்போது இரண்டு மின்தேவைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 12 செல் பேட்டரி முழுதாக ஏறியிருக்கும்போது 50.4 வோல்ட், சராசரியாக 44.4 வோல்ட். கடுமையான 3டி சாகசப் பறப்பில் மோட்டார் 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், அதாவது 4 கிலோவாட்டைத் தாண்டும். எலக்ட்ரானிக்ஸோ 5 முதல் 8.4 வோல்ட்டுக்குள் ஓடுவது. சராசரியாக 3 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் 5 நிமிடப் பறப்புக்கு 250 மில்லி ஆம்பியர் மணி செலவாகும். முதன்மை பேட்டரியில் இருக்கும் 220 சொச்சம் வாட் மணியோடு ஒப்பிட்டால் இது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. இவ்வளவு சின்னத் தேவைக்கு ஏன் இவ்வளவு யோசனை என்று கேட்கத் தோன்றும். சராசரி சின்னது, உச்சம் சின்னதில்லை. சிக்கல் முழுவதும் அந்த உச்சத்தில்தான்.

ஹெலிகாப்டரில் நான்கு சர்வோக்கள். மூன்று சேர்ந்து ஸ்வாஷ்பிளேட்டைத் தூக்கி, சாய்த்து பிளேடுகளின் கோணத்தை மாற்றுகின்றன. நான்காவது வால் ரோட்டாருக்கு. பைலட் குச்சியை அசைப்பது ஒரு பக்கம் இருக்க, நடுவில் இருக்கும் ஜைரோ யூனிட் காற்றின் ஒவ்வொரு தள்ளலுக்கும் தானே திருத்தம் செய்துகொண்டே இருக்கிறது. டிஜிட்டல் சர்வோக்களுக்கு வினாடிக்கு 333 முறைகூடக் கட்டளை போகும். அதாவது இந்தச் சர்வோக்களுக்கு ஓய்வே கிடையாது.

ஒரு சர்வோவுக்குள் இருப்பது சின்ன மோட்டாரும் சில பற்சக்கரங்களும். அசைய முடியாமல் முட்டி நிற்கும்போது வலுவான சர்வோ ஒன்று 4 முதல் 6 ஆம்பியர் இழுக்கும், சில அதற்கும் மேலே போகும். ஒரு பக்கம் வேகமாக ஓடிக்கொண்டிருக்கும்போது சட்டென்று எதிர்ப்பக்கம் திரும்பச் சொன்னால் இன்னும் கூடும். ஓடும் மோட்டார் தானே உண்டாக்கும் எதிர் வோல்டேஜ் அந்தக் கணத்தில் பேட்டரியின் பக்கம் சேர்ந்துகொள்வதுதான் காரணம். பைலட் ஒரே நேரத்தில் பிட்சை முழுதாக ஏற்றி, பக்கவாட்டில் புரட்டி, வாலையும் திருப்பினால் நான்கு சர்வோக்களும் சேர்ந்து சில மில்லி வினாடிகளுக்கு 15, 20 ஆம்பியர் கேட்கும். மின்சாரம் கொடுக்கும் பொருள் எதுவானாலும் அந்தச் சில மில்லி வினாடிகளில்தான் அதன் தரம் தெரியும்.

பெட்ரோல், நைட்ரோ ஹெலிகாப்டர்களின் காலத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை. மோட்டாருக்குப் பேட்டரி கிடையாது, ஆகவே ரிசீவருக்கென்று தனியாக ஒரு பேட்டரி வைத்தே ஆக வேண்டும். 4 நிக்கல் செல்கள், 4.8 வோல்ட். மின்சார ஹெலிகாப்டர்கள் வந்தபோது, இவ்வளவு பெரிய பேட்டரி இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்ற எண்ணமும் வந்தது. இ.எஸ்.சி. எனப்படும் மோட்டார் கன்ட்ரோலருக்குள்ளேயே வோல்டேஜைக் குறைத்துத் தரும் ஒரு சுற்றைச் சேர்த்தார்கள். பெக் என்று ஹாபி வட்டாரத்தில் சொல்வது இதைத்தான். கையடக்க ஹெலிகாப்டர்களில் 2 செல், 3 செல் பேட்டரியோடு இது அருமையாக வேலை செய்தது.

12 செல்லுக்குப் போனதும் அந்தப் பழைய வகை பெக் உதவாமல் போயிற்று. லீனியர் பெக் மிஞ்சிய வோல்டேஜை அப்படியே வெப்பமாக்கி வெளியே தள்ளுவது. 50 வோல்ட்டை 6 வோல்ட்டாக்க 44 வோல்ட்டைத் தின்ன வேண்டும். 3 ஆம்பியர் ஓடினால் 132 வாட் வெப்பம். சர்வோக்களுக்குப் போய்ச் சேர்வது 18 வாட், வீணாவது இரண்டு பற்றவைப்பு இரும்புகளைச் சூடாக்கப் போதுமானது. எந்த ஹீட்சிங்க்காலும் இதைத் தாங்க முடியாது. அதனால் உயர் வோல்டேஜ் இ.எஸ்.சி.க்கள் பல காலம் பெக் இல்லாமலேயே வந்தன. ஆப்டோ என்று லேபிளில் இருக்கும் வகை அது. ரிசீவரிலிருந்து வரும் சிக்னலை ஒளி வழியாக வாங்கிக்கொள்ளும், மின்சாரத் தொடர்பு எதுவும் வைத்துக்கொள்ளாது.

பிறகு ஸ்விட்சிங் பெக் வந்தது. இது வோல்டேஜைத் தின்பதில்லை. ஒரு டிரான்சிஸ்டர் வினாடிக்கு லட்சக்கணக்கான முறை திறந்து மூடி, கம்பிச்சுருளிலும் கெப்பாசிட்டரிலும் ஆற்றலைச் சேர்த்து, வேண்டிய வோல்டேஜில் வெளியே விடுகிறது. பத்தில் ஒன்பது பங்கு ஆற்றல் பயனாகும். 20 வாட் கொடுக்க 2 வாட் அளவில்தான் வீணாகும். இன்று 12 செல் இ.எஸ்.சி.க்குள்ளேயே இப்படிப்பட்ட பெக் இருக்கிறது, தனியாகவும் கிடைக்கிறது. நல்ல தயாரிப்புகள் 10 ஆம்பியர் தொடர்ச்சியாகவும் 20 ஆம்பியரும் அதற்கு மேலும் உச்சமாகவும் தரும்.

அப்படியென்றால் பிரச்சினை தீர்ந்ததா? பெரும்பாலான நாட்களில் தீர்ந்தது. அது பழுதாகும் நாளில்தான் கவலை. ஸ்விட்சிங் பெக்கில் 50 வோல்ட்டுக்கும் ரிசீவருக்கும் நடுவே பல சமயம் நிற்பது அந்த ஒரு டிரான்சிஸ்டர். அது ஷார்ட் ஆகிவிட்டால் 50 வோல்ட் நேரே ரிசீவருக்கும் ஜைரோவுக்கும் நான்கு சர்வோவுக்கும் போகும். எல்லாம் ஒரே நொடியில் கருகும். பெக் இ.எஸ்.சி.க்குள்ளேயே இருந்தால், பக்கத்தில் 100 ஆம்பியரைக் கையாளும் டிரான்சிஸ்டர்களின் சூட்டையும் சேர்த்துத் தாங்க வேண்டும். இ.எஸ்.சி. எரிந்தால் மோட்டார் போகும், அதோடு சர்வோக்களுக்கான மின்சாரமும் போகும். ஆட்டோரொட்டேஷன் தேவைப்படும் அதே கணத்தில் அதைச் செய்ய வழியில்லாமல் போகிறது. முதன்மை பேட்டரியின் கனெக்டர் நடுவானில் கழன்றாலும் கதை இதுதான்.

இதனால்தான் அனுபவசாலிகள் பலர் பெரிய ஹெலிகாப்டர்களில் பழைய நைட்ரோ வழக்கத்துக்கே திரும்புகிறார்கள்: ரிசீவருக்கென்று தனி பேட்டரி. இப்போது அது நிக்கல் இல்லை, 2 செல் லைப்போ. முழுதாக ஏறினால் 8.4 வோல்ட். இந்த வோல்டேஜை நேரடியாகத் தாங்கும் ஹெச்.வி. சர்வோக்கள் வந்துவிட்டதால் நடுவே எந்த ரெகுலேட்டரும் தேவையில்லை. பழுதாகக்கூடிய ஒரு பாகம் குறைந்தது. 2,500 மில்லி ஆம்பியர் மணிப் பேட்டரி 20 ஆம்பியரைச் சிரமமில்லாமல் தரும். 5 நிமிடப் பறப்புகள் எட்டுவரை தாங்கும். எடை 130, 140 கிராம்தான். 5 கிலோ இயந்திரத்தில் இந்தச் சுமையைப் பைலட்டின் கை உணராது.

ஒரு எச்சரிக்கை மட்டும். பழைய வால் சர்வோக்கள் பல 5, 6 வோல்ட்டுக்கு மேல் தாங்காதவை. 2 செல் லைப்போவில் நேரடியாக மாட்டினால் எரிந்துபோகும். மாட்டுவதற்கு முன் நான்கு சர்வோ, ரிசீவர், ஜைரோ ஒவ்வொன்றின் வோல்டேஜ் வரம்பையும் படித்துப் பார்ப்பது நல்லது. இ.எஸ்.சி.யில் உள்ளமைந்த பெக் இருந்து, அதை நிறுத்த வழி இல்லையென்றால், அதிலிருந்து ரிசீவருக்கு வரும் வயரில் சிவப்பை மட்டும் பின்னோடு உருவி, டேப் சுற்றி ஒதுக்கிவிட வேண்டும். இரண்டு மின்மூலங்கள் ஒரே தடத்தில் மோதிக்கொள்ளக் கூடாது.

மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதைவிட அதிகமாகக் கவனிக்கப்படாத விஷயம் எந்த வழியாக வருகிறது என்பது. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மெல்லிய சர்வோ வயர், அமெரிக்க அளவில் 26 கேஜ், மீட்டருக்கு 0.134 ஓம். 30 சென்டிமீட்டர் வயர் என்றால் சிவப்பில் போய்க் கறுப்பில் திரும்ப மொத்தம் 60 சென்டிமீட்டர், 0.08 ஓம். இரண்டு முனையிலும் கனெக்டர். போக வர நான்கு பின்கள், புதிதாக இருக்கும்போது பின்னுக்கு 0.01 ஓம் என்று வைத்தால் 0.04. கூட்டினால் 0.12 ஓம். இந்த வழியில் 15 ஆம்பியர் உச்சம் வந்தால் 1.8 வோல்ட் நடுவழியிலேயே காணாமல் போகும். பெக் 6 வோல்ட் கொடுக்கிறது, ரிசீவருக்கு வருவது 4.2. அந்தச் சர்வோ கனெக்டரின் ஒவ்வொரு பின்னும் தொடர்ச்சியாக 3 ஆம்பியர் அளவுக்குத்தான் உருவாக்கப்பட்டது. அதிர்விலும் தூசியிலும் தேய்ந்த பின்னில் இழப்பு இன்னும் அதிகமாகும்.

அதே இடத்தில் 22 கேஜ் வயரை இரண்டாகப் போட்டு, ஜைரோ யூனிட்டின் இரண்டு தனித்தனித் துளைகளில் செருகினால் இழப்பு அரை வோல்ட்டை ஒட்டி இறங்கிவிடும். ஒரு பின் கழன்றாலும் மற்றது தாங்கிப்பிடிக்கும். சில யூனிட்களில் மின்சாரத்துக்கென்றே தடித்த கனெக்டரோடு தனி உள்ளீடு இருக்கிறது, இருந்தால் அதையே பயன்படுத்த வேண்டும். 20 ஆம்பியர் தரும் விலை உயர்ந்த பெக்கை வாங்கி ஒற்றை மெல்லிய வயரில் மாட்டியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆதங்கமாக இருக்கும். அந்த இன்னொரு வயருக்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். ரிசீவர் மின்சாரத்தைப் போட்டு நிறுத்தும் சின்ன ஸ்லைடு சுவிட்சுகளைப் பற்றியும் இதே எண்ணம்தான். ஹெலிகாப்டரின் அதிர்வுக்கு அவை ஒத்துவருவதில்லை. நல்ல தடித்த கனெக்டரை நேரடியாகச் செருகி எடுப்பது மேல்.

வோல்டேஜ் இறங்கினால் என்ன நடக்கும்? முதலில் சர்வோ மந்தமாகும், வால் பிடி தளரும். இன்னும் இறங்கி 3.5 வோல்ட்டை ஒட்டி வந்தால் ரிசீவருக்குள் இருக்கும் பிராசஸர் அணைந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பிரவுன்அவுட் என்பது இதுதான். பழைய எஃப்.எம். ரிசீவர்களில் வோல்டேஜ் திரும்பியதும் வேலையும் திரும்பிவிடும். 2000-களின் நடுப்பகுதியில் வந்த முதல் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவர்கள் சிலவற்றுக்கு, மறுபடி எழுந்து டிரான்ஸ்மிட்டரைத் தேடிப் பிடிக்கச் சில வினாடிகள் ஆயின. மணிக்கு 100 கிலோமீட்டரில் பறக்கும் ஹெலிகாப்டர் 2 வினாடியில் 55 மீட்டர் போய்விடும். அப்போது நடந்த பல விபத்துகளை ரேடியோ குறுக்கீடு என்று எழுதிவைத்துவிட்டார்கள். இன்றைய ரிசீவர்கள் கண்ணிமைக்கும் நேரத்தில் மீள்கின்றன, இருந்தாலும் ஜைரோ யூனிட்டும் சேர்ந்து அணைந்தால் நிலைமை கைமீறிவிடும்.

இதை முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம். சாதாரண மல்டிமீட்டர் உதவாது, மில்லி வினாடி வோல்டேஜ் சரிவை அது சராசரியாக்கி மறைத்துவிடும். டெலிமெட்ரி (அளவுகளைத் தரைக்கு அனுப்பும் வசதி) உள்ள ரிசீவர் என்றால் பறப்பில் பதிவான மிகக் குறைந்த வோல்டேஜைப் பாருங்கள். ஜைரோ யூனிட்கள் பலவற்றின் லாக்கிலும் அது இருக்கும். முக்கியம், அளவிடும் இடம் பெக்கின் வாயிலாக இருக்கக் கூடாது, வயரின் கடைசி முனையில், ரிசீவரில் இருக்க வேண்டும். மோட்டார் வயர்களைக் கழற்றிவிட்டு, பட்டறை மேசையில் இரண்டு குச்சிகளையும் அரை நிமிடம் வேகமாகக் கலக்கிப் பார்ப்பதும் நல்ல சோதனை. 7.4 வோல்ட் அமைப்பில் 6-க்குக் கீழே இறங்கினால் நான் பறக்கவிட மாட்டேன். வானத்தில் பிளேடுகளின் சுமையும் சேரும்.

தனி பேட்டரி முறைக்குப் பெரிய எதிரி மறதி. முதன்மை பேட்டரியை ஒவ்வொரு பறப்புக்கும் மாற்றுகிறோம், ரிசீவர் பேட்டரி பலகைக்கு அடியில் அப்படியே இருக்கும். ஒன்பதாவது பறப்பில் அது வெறுமையாகும். டெலிமெட்ரியில் ஓர் அலாரம் வைத்துவிட்டால் போதும். 6.6 வோல்ட் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி வைப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அதன் வோல்டேஜ் கடைசிவரை ஏறக்குறைய ஒரே அளவில் நின்று, பிறகு சடாரென்று சரியும். வோல்ட்மீட்டரைப் பார்த்து மிச்சம் எவ்வளவு என்று சொல்ல முடியாது, சார்ஜ் ஏற்றும்போது உள்ளே போன அளவை வைத்துத்தான் கணக்கிட வேண்டும்.

பெக்கை விட மனமில்லாதவர்களுக்கு நடுவழி ஒன்று இருக்கிறது: பெக்கோடு ஒரு பேக்கப். இதில் கெப்பாசிட்டரையும் பேட்டரியையும் ஒன்றென்று எண்ணிவிடக் கூடாது. 10 ஃபாரட், 2.7 வோல்ட் சூப்பர் கெப்பாசிட்டர் மூன்றைத் தொடராக இணைத்தால் கிடைப்பது 3.3 ஃபாரட். 7.4 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட் வரை இறங்கும்போது அது தரும் ஆற்றல் 50 ஜூல். 3 ஆம்பியர் சுமைக்கு அது மூன்று வினாடிகூடத் தாங்காது. உச்சத் தேவையின்போது வரும் வோல்டேஜ் சரிவுகளை நிரப்புவதற்கும், சர்வோக்கள் நிற்கும்போது திருப்பி அனுப்பும் வோல்டேஜை உள்வாங்குவதற்கும் கெப்பாசிட்டர் மிக நல்லது. ஆனால் 40 மீட்டர் உயரத்திலிருந்து ஆட்டோரொட்டேஷன் செய்து முடிக்க மூன்று வினாடி போதாது. 2 செல், 430 மில்லி ஆம்பியர் மணி அளவிலான சின்ன பேக்கப் பேட்டரியோ அதே சுமையை எட்டு நிமிடம் தாங்கும். பெக்கின் வோல்டேஜ் இறங்கினால் அது தானாகவே ஏற்றுக்கொள்ளும். அப்படி ஏற்றுக்கொண்டது தரையில் நிற்கும் பைலட்டுக்குத் தெரிய வேண்டும். பளிச்சென்று எரியும் எல்.இ.டி.யோ டெலிமெட்ரி அலாரமோ இல்லாவிட்டால், பெக் செத்தது தெரியாமல் பேக்கப்பும் தீரும்வரை பறந்துகொண்டிருப்போம்.

பெல்ட்டில் வால் ஓடும் ஹெலிகாப்டர்களில் சர்வோக்கள் திடீரென்று துடித்தால் மின்மூலத்தை மட்டும் சந்தேகிக்காதீர்கள். பெல்ட் உரசலில் சேரும் நிலைமின்சாரமும் அதைச் செய்யும். வால்குழாயையும் உலோகச் சட்டத்தையும் ஒரு வயரால் இணைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

முதல் 700 ஹெலிகாப்டரைக் கட்டுகிறவர் என்னிடம் கேட்டால் ஹெச்.வி. சர்வோக்கள், தனி 2 செல் லைப்போ, இரட்டை வயர், டெலிமெட்ரி அலாரம் என்றுதான் சொல்வேன். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. களத்தில் முதலில் ரிசீவர் பேட்டரியை மட்டும் செருகுகிறீர்கள். ஜைரோ அசையாமல் நின்று தன்னைச் சரிசெய்துகொள்கிறது. பிட்சை ஏற்றி இறக்கிப் பார்க்கிறீர்கள், ஸ்வாஷ்பிளேட் சரியான பக்கம் சாய்கிறதா, வாலைக் கையால் திருப்பினால் சர்வோ எதிர்த்துத் திருத்துகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறீர்கள். இவ்வளவும் முடியும்வரை மோட்டாருக்கு மின்சாரமே கிடையாது, பிளேடுகளுக்குப் பக்கத்தில் தலை இருந்தாலும் ஆபத்தில்லை. மோட்டாரை நிறுத்திவைக்கும் திராட்டில் ஹோல்ட் சுவிட்ச் போட்டிருக்கிறதா என்று ஒருமுறை உறுதிசெய்த பிறகு 12 செல் பேட்டரியைச் செருகி, பத்து மீட்டருக்கு மேல் தள்ளி வந்து நின்றுகொள்கிறீர்கள்.